ஒரு நூல் நகர்த்தியவன்

அவன் எண்களைத் தொடும் விதத்தை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் நாங்கள் எல்லாரும் கட்டத்தில் இருக்கும் எண்ணை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக அடிப்போம். அவன் அழிக்கமாட்டான். கட்டத்துக்குள் போய், கடைசி இலக்கத்துக்குப் பின்னால் கர்சரை நிறுத்தி, அந்த ஒரு இலக்கத்தை மட்டும் மாற்றுவான். முப்பத்தொன்று முப்பத்திரண்டாகும். பிறகு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, அடியில் கடைசி வரிசை எப்படி அசைகிறது என்று பார்ப்பான். போதவில்லை என்றால் வேறு கட்டத்துக்குப் போவான். தொட்ட கட்டத்தை மறுபடி தொடமாட்டான். அது அவன் வைத்திருந்த ஒழுங்கு.

"ஒரு நூல்தானே, யாருக்கு வலிக்கப் போகுது?" என்பான்.

நூல் என்பது கொத்தனார்களும் தச்சர்களும் சொல்கிற அளவு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அவன் வீட்டில் மாடி எடுத்தபோது மேஸ்திரியிடமிருந்து பிடித்துக்கொண்ட சொல். வகுப்பில் அவனுக்கு நூலு என்றே பெயர் நின்றுவிட்டது. உண்மைப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

புதுச்சேரியில் நாங்கள் எம்.பி.ஏ. படித்தது, ஃப்ளாப்பி ஒழிந்து, பென் டிரைவைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த காலத்தில். இரண்டாம் வருடம் எக்செலில் நிதி மாதிரி கட்டுவதற்கென்றே ஒரு பாடம் இருந்தது. ஒரு தொழில் இன்னும் ஏழெட்டு வருடத்தில் எப்படி நடக்கும், கடன் வாங்கினால் கட்ட முடியுமா என்று எண்களால் முன்கூட்டியே கட்டிப் பார்ப்பது. மாடல் என்போம். செருப்பை வெளியே விட்டுவிட்டு லேபுக்குள் போக வேண்டும். உள்ளே ஏசி நடுக்கும். நாமாக ஊகித்துப் போடும் எண்கள் நீல நிறத்தில் இருக்க வேண்டும், சூத்திரத்தால் தானாக வரும் எண்கள் கறுப்பில் இருக்க வேண்டும் என்று முதல் நாளே ஆசிரியர் சொல்லிவிட்டார். முதல் ஷீட்டில் ஒரு நீல எண்ணை மாற்றினால் கடைசி ஷீட்டில் லாபம் மாறும். வாசலில் ஸ்விட்சைப் போட மாடியில் விளக்கு எரிவது போல இருக்கும். அதை முதன்முதலில் பார்த்த அன்று நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். அவன் சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. எந்த ஸ்விட்சுக்கு எந்த விளக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் ஏமாற்றுக்காரன் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒருமுறை எனக்குப் பாலன்ஸ் ஷீட்டில் சொத்தும் பொறுப்பும் இரண்டு பக்கமும் சமமாகவே இல்லை. பக்கத்தில் இருந்த ஒருத்தி, "இதர சொத்துன்னு ஒரு வரிசை போட்டு, வித்தியாசத்த அதுல அடைச்சிடு, சார் பாக்கமாட்டாரு" என்றாள். அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"அது பொய்ப்பா. பொய்யில கட்டடம் நிக்காது. நகரு" என்று என் நாற்காலியில் உட்கார்ந்தான். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒவ்வொரு சூத்திரமாகத் திறந்து பார்த்து, தேய்மானத்தை நான் ஒரே வருடத்தில் இரண்டு முறை கழித்திருந்ததைக் கண்டுபிடித்தான். நன்றி சொன்னேன். "நீதான் எல்லாத்தையும் சரிபாக்கறவ ஆச்சே, ஆடிட்டரம்மா! உனக்கே இப்பிடியா?" என்று சிரித்தான். அன்றிலிருந்து என் பெயரும் அதுவானது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு அவனோடு போவது ஒரு வேடிக்கை. பெரிதாகப் பேரம் பேசமாட்டான். "அக்கா, ஒரு ரூபா மட்டும் கொறைங்கக்கா" என்பான். ஒரு ரூபாய்க்கு யார் சண்டை போடுவார்கள்? கொடுத்துவிடுவார்கள். சட்டைக்காரர், செருப்புக்காரர், பழைய புத்தகக்காரர் என்று தெரு முழுக்க ஒவ்வொரு ரூபாய். தெருக்கோடி வருவதற்குள் எங்கள் எல்லோருக்கும் அவன் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பான். "இது யார் காசுடா?" என்று கேட்டால், "யாரோடதும் இல்ல. யாருக்கும் கொறஞ்ச மாதிரி தெரியாத காசு" என்பான். நக்கிக்கொண்டே சிரிப்போம்.

அவனுடையது சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர், அங்கிருந்து பென்ஷன் வரும். போனால் என்னை "வாங்க, மத்மசேல்" என்று பிரெஞ்சு மரியாதையோடு எழுந்து நின்று வரவேற்பார். அந்த வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசுவார்கள். அவருக்குச் சர்க்கரை அதிகம். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கும் சின்னக் கருவியை பிரான்சிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்திருந்தார்கள். தினமும் பார்த்துச் சொல்வது அவன் வேலை. அம்மா அதைக் காலண்டரில் குறித்து வைத்து, மாதக் கடைசியில் டாக்டரிடம் காட்டுவார்.

ஒருநாள் நான் பக்கத்தில் இருந்தபோது கருவி இருநூற்று நாற்பத்தெட்டு காட்டியது.

"எவ்ளோப்பா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார்.

"இருநூத்தி நாப்பதும்மா."

நான் அவனைப் பார்த்தேன். குரலைத் தாழ்த்தி, "எட்டுதான். அம்மா நிம்மதியா தூங்கட்டும்" என்றான்.

"தினமுமா இப்பிடிச் சொல்ற?"

"தினமும் ஒரு நூல்தான்."

அடுத்த மழைக்காலத்தில் அவன் அப்பாவின் கால் விரல் ஒன்றை எடுத்தார்கள். பார்க்கப் போனபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு அவன் ஆறுதல் சொன்னான். "சுண்டு விரல்தான். நடக்கறதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு." அதுவும் உண்மைதான். புண் ஆறும்வரை சாயங்காலங்களில் அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கடற்கரைச் சாலையில் தள்ளிக்கொண்டு போவான். கல் தட்டாமல் பார்த்துப் பார்த்துத் தள்ளுவான். அவனைப் போல ஒரு மகன் கிடைக்க வேண்டும் என்று என் அம்மா சொன்னாள்.

செல்வத்தின் கதைக்கு வருகிறேன். ப்ராஜெக்டுக்கு மூன்று பேர் ஒரு குழு. அவன், நான், செல்வம். செல்வம் தவளக்குப்பம் தாண்டி உள்ளே ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவான். அவர்களுக்குக் கொஞ்சம் நெல், வேலியோரமாகத் தென்னை, ஒரு போர் கிணறு. அந்த நிலத்தைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. டவுனில் எல்லோரும் தண்ணீர் கேன் வாங்க ஆரம்பித்திருந்த சமயம். சுத்திகரிப்பு இயந்திரம் விற்கிற ஒருவர் செல்வத்தின் அப்பாவைப் பார்த்து ஆசை காட்டிவிட்டுப் போயிருந்தார். அதையே ப்ராஜெக்டாக எடுத்துக்கொண்டோம்.

நிலத்தைப் பார்க்கப் போனோம். கடல் கண்ணில் படவில்லை, ஆனால் காற்று திரும்பினால் இரைச்சல் கேட்டது. செல்வத்தின் அப்பா வரப்பில் நின்று கிழக்கே கையைக் காட்டினார்.

"தோ, அந்தப் பக்கம் போர் போட்டவன் எல்லாம் உப்புத் தண்ணிய வச்சிக்கினு நிக்கறான். இறைக்க இறைக்க உள்ள கடல் ஏறிடுச்சு. நம்பளுது மட்டும்தான் தம்பி இனிப்பு. பாங்கியில நெலத்த அடமானம் கேக்கறாங்க. போரு போச்சுன்னா நெலம் இருந்தும் ஒண்ணுத்துக்கும் ஆவாது. குடுக்கலாமா வேணாமான்னு நீங்கதான் கணக்குப் போட்டுச் சொல்லணும். படிச்ச புள்ளைங்க."

"கண்டிப்பா அங்கிள்" என்றான் அவன்.

லேபில் மாடலைக் கட்டினோம். வருடத்துக்குக் கையில் நிற்கும் பணம், அந்த வருடம் கட்ட வேண்டிய தவணையைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்பது பாங்கின் நிபந்தனை. எங்களுக்கு ஒன்றேகாலைக்கூடத் தொடவில்லை. அது கடைசிக் கட்டத்தில் சிவப்பாக நின்றது.

"அப்ப முடியாதுன்னு சொல்லிடலாம்" என்றேன்.

"அவசரப்படாத, ஆடிட்டரம்மா" என்று அவன் கீபோர்டை இழுத்துக்கொண்டான். "கேன் உடையறது நூத்துக்கு அஞ்சுன்னு போட்டிருக்க. நாலுன்னு போட்டா பொய்யா?"

"பொய்யில்ல."

"வருஷத்துல முந்நூறு நாள் ஓடும்னு போட்டிருக்க. முந்நூத்தி அஞ்சு நாள் ஓடாதா?"

"ஓடலாம்."

"அவ்ளோதான்."

விலை, டீசல், கூலி என்று வரிசையாகப் போனான். ஒவ்வொன்றிலும் கடைசி இலக்கம். ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது.

"எல்லாத்தையும் ஒரே பக்கமாவே தள்றியே?" என்று கேட்டேன்.

"பின்ன? நாலு பேர் வண்டி தள்ளும்போது ஒருத்தன் மட்டும் எதிர்ப் பக்கமாவா தள்ளுவான்?"

செல்வம் மேசையைத் தட்டிச் சிரித்தான். அவனுக்கு அந்தச் சிவப்பு பச்சையானால் போதும்.

ஆகவில்லை. ஒன்றேகாலைத் தாண்டிக் கொஞ்சம் ஏறி, அங்கேயே நின்றது. அப்போதுதான் நூலு மோட்டார் ஓடும் நேரம் இருந்த கட்டத்துக்கு வந்தான். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று இருந்தது. சொந்தப் போர் என்பதால் தண்ணீருக்கு விலை பூஜ்யம் என்று நாங்கள் போட்டிருந்தோம். அந்தப் பூஜ்யத்தில் தவறே கிடையாது. மற்ற எந்த எண்ணை ஏற்றினாலும் ஏதாவது ஒரு செலவு கூடவே ஏறியது. இதை ஏற்றினால் விற்பனை ஏறியது, செலவில் கரண்டைத் தவிர ஒன்றும் ஏறவில்லை. எட்டை ஒன்பதாக்கினான். கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தான். மறுபடி அதே கட்டத்துக்குள் போனான். பத்தாக்கினான். தொட்ட கட்டத்தை அவன் மறுபடி தொட்டதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடைசியில் பன்னிரண்டில் வந்து நின்றான். கட்டம் பச்சையானது.

செல்வம் கை தட்டினான். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டு, "ஊத்து தாங்குமாடா? சுத்தம் பண்ணும்போது பாதி தண்ணி கேனுக்குப் போவும், பாதி வாய்க்காலுக்குப் போவும்னு அந்த ஆள் சொன்னாரு" என்றான்.

"அதுக்கு நம்ம ஷீட்டுல வரிசையே கெடையாதேப்பா" என்றான் நூலு.

"அப்ப ஒரு வரிசை போடு" என்றேன்.

"என்ன எண் போடுவ? பூமிக்குள்ள எவ்ளோ தண்ணி இருக்குன்னு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? தெரியாத எண்ணப் போட்டா அதுதான் பொய்."

அந்த வரிசையைப் போடாமலேயே ஃபைலைச் சேமித்தோம்.

வகுப்பில் எங்கள் மாடலுக்குத்தான் நல்ல பெயர். செல்வத்தின் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கல்லூரிக்கே வந்துவிட்டார். வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, பிரிண்ட் எடுத்த தாள்களை மடியில் வைத்துக்கொண்டார்.

"அங்கிள், இது நடக்கணும்னா மோட்டார் தெனம் பன்னெண்டு மணி நேரம் ஓடணும். போர் தாங்குமான்னு இதுல பாக்கல" என்று சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "தம்பி இன்னா சொல்லுது?"

"அங்கிள், இதுல ஒரு எண்ணுகூட பொய் கெடையாது. ஒவ்வொண்ணா காட்டறேன், நீங்களே சொல்லுங்க."

காட்டினான். பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக, பொறுமையாக, அவருக்குப் புரியும் சொற்களில். கேன் உடைவது, வண்டி ஓடுவது, ஆள் கூலி. ஒவ்வொன்றுக்கும் "சரிதான்", "ஆமா, சரிதான்" என்று தலையாட்டினார். மோட்டார் வரிக்கு வந்தபோது கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். அதற்கு முன்னால் அத்தனை முறை சரிதான் என்று சொல்லியிருந்ததால் அதற்கும் சொல்லிவிட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். "இவ்ளோ தெளிவா யாரும் எனக்குச் சொன்னதில்ல தம்பி" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மாதமே நிலப் பத்திரம் பாங்கிற்குப் போனது.

படிப்பு முடிந்து நான் டவுனில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். அவன் கடன் கேட்பவர்களுக்குத் திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் ஒருவரிடம் சேர்ந்தான். கடலூர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது புதிதாக ஒரு தண்ணீர் கம்பெனி போர்டு தெரிந்தால், "இது நம்மளுது" என்று காட்டுவான். கொஞ்ச தூரம் போய், "இதுவும்." ஒரே மாடல்தான், பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்றான். எல்லாவற்றிலும் மோட்டார் பன்னிரண்டு மணி நேரமா என்று கேட்டேன். "இப்பல்லாம் பதிமூணு போடறோம்" என்றான்.

தண்ணீர் இயந்திரம் ஓட ஆரம்பித்த இரண்டாவது கோடையில் அவனும் நானும் செல்வத்தைப் பார்க்கப் போனோம். ஷெட் பளிச்சென்று இருந்தது. கேன் ஏற்றும் வண்டிகள் இரண்டு நின்றன. செல்வம் விற்பனைக் கணக்கைக் காட்டினான்.

"பாத்தியா!" என்று நூலு என் தோளைத் தட்டினான். "நாம போட்டதைவிட மேல போயிருக்கு."

"டவுன்ல அவ்ளோ போவுதா?" என்று செல்வத்தைக் கேட்டேன்.

"டவுனுக்கு அதே அளவுதான். இது ஊருக்குள்ள. சுத்துப்பக்கம் எல்லாருக்கும் கைபம்பு உப்பாயிடுச்சு. சமைக்கக்கூட நம்மகிட்டதான் வாங்கறாங்க." இதைச் சொல்லும்போது செல்வம் கேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நூலு உண்மையான ஆச்சரியத்தோடு புருவத்தை உயர்த்தினான். "அந்த விற்பனைய நாம சேக்கவே இல்லையே!"

நான் அதற்குப் பிறகு சில மாதங்கள் அவனோடு பேசவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. அவனே ஒருநாள் போன் செய்து, செல்வம் இரண்டாவது இயந்திரம் போடப் போகிறான், பாங்க் கொடுக்கத் தயார், ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம், நீயும் வந்து சரிபார் என்றான். போனேன்.

காலை நேரம். கேட்டருகில் காலி கேனோடு பக்கத்து நிலத்துக்காரப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். செல்வத்தின் அப்பா போர் குழாய்த் தண்ணீர் தொட்டியில் விழும் இடத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். நாங்கள் வந்ததற்குத் திரும்பவில்லை.

"ரெண்டு மாசமா காலையில இப்பிடித்தான்" என்றான் செல்வம் மெல்ல. "வாயில ஊத்திப் பாக்காம அவுருக்கு விடியறதில்ல."

அவர் உள்ளங்கையைக் குவித்துப் பிடித்து வாயில் ஊற்றிக்கொண்டார். அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். கேட்டருகில் நின்ற பெண் அவர் முகத்தையே பார்த்தாள். நூலு ஒரு கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் திறந்தான்.

"எப்பிடி அங்கிள் இருக்கு?"

அவர் தண்ணீரைத் தரையில் துப்பினார்.

"வந்துடுச்சு" என்றார். பிறகு, "செல்வம், மோட்டார நிறுத்து."

செல்வம் நகரவில்லை. அப்பாவைப் பார்க்காமல் நூலுவைப் பார்த்தான். அவன் லேப்டாப்பில் எதையோ மாற்றினான், கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தான், வருத்தத்தோடு தலையாட்டினான்.

"நிறுத்தினா அடுத்த தவணைக்கே இடிக்கும் அங்கிள். லேசா உப்பு இருந்தாலும் மெஷின் எடுத்துடும். கொஞ்ச நாள் ஓட்டுங்க. பாங்க்ல நெலம் இருக்கில்ல?"

"அந்த நெலத்துக்குத்தான்டா நிறுத்தச் சொல்றேன்" என்று அவர் எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஸ்விட்ச் இருந்த ஷெட் பக்கம் நடந்தார். மூன்றாவது எட்டில் செல்வம் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேணாம்ப்பா."

மெதுவாகத்தான் பிடித்தான். பெரியவர் குனிந்து தன் கையைப் பிடித்திருந்த மகனின் கையைப் பார்த்தார், யாருடைய கை என்று தெரியாதவர் போல. உதறவில்லை. இழுக்கவில்லை. தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. செல்வம் பிடியை விடவில்லை.